சி-70 மக்கர் செய்தால் முதலில் நெருப்பு, அப்புறம்தான் பெட்ரோல்

"அண்ணே, கார்பு போச்சு" என்று சொல்லிக்கொண்டே மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கார்பு, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டர், போயிருக்காது. எனக்கும் ஒரு காலத்தில் இதே நோய்தான். அப்பாவின் ஹோண்டா சி-70 என் கைக்கு வந்த வருஷம், பினாங்கில் பாயா தெருபோங் பக்கமிருந்து பாலிக் பூலாவுக்கு ஏறுகிற துன் சார்டோன் சாலையில் எப்போது போனாலும் பாதி மலையில் நின்றுவிடும். ஓரமாக உட்கார்ந்து கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். நான் கார்பைக் கழற்றினேன், கழுவினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். ஆறு முறை. கடைசியில் ஒரு கடையில் புதுக் கார்பே மாட்டிவிட்டார்கள், காசு போனதுதான் மிச்சம், வண்டி அதே வளைவில் நின்றது. அப்புறம் ஜெலுத்தோங்கில் இருந்த ஒரு வயதான சீன ஃபோர்மேன், வண்டியைத் தொடாமலேயே, "அப்பி டுலு, மிஞ்ஞாக் பெலாக்காங்" என்றார். முதலில் நெருப்பு, அதாவது பிளக்கில் விழுகிற பொறி, எண்ணெய் அப்புறம். கோளாறு நெருப்புப் பக்கத்துச் சின்னப் பாகமான கண்டென்சரில் இருந்தது. கார்பின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

கார்பு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது, இரண்டு போல்ட் கழற்றினால் கையோடு வந்துவிடும், அதனால் எல்லாருக்கும் கை அரிக்கும். பாயிண்ட், அதாவது மின்சாரத்தைச் சரியான நொடியில் துண்டித்துப் பிளக்கில் நெருப்பு விழவைக்கிற தொடுமுனை, அப்படியில்லை. கியர் மிதியையும் இடது பக்க மூடியையும் எடுத்து, எஞ்சினோடு சுற்றுகிற ஃப்ளைவீல் சக்கரத்தில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டும். ஒருவரும் பார்ப்பதில்லை.

கீழே சொல்வதெல்லாம் கிக்கரால் உதைத்து ஸ்டார்ட் செய்கிற, 6 வோல்ட், பாயிண்ட் வைத்த பழைய சி-70க்கு. 1969ல் வந்த 72 சிசி எஞ்சின், ஒரே சிலிண்டர், மூன்று கியர். பின்னால் வந்த, பாயிண்ட் இல்லாமல் மின்னணுவால் நெருப்பு தருகிற 12 வோல்ட் சிடிஐ மாடலுக்குப் பாயிண்ட் பற்றிய பகுதி பொருந்தாது, கார்பு பற்றியது பொருந்தும். கையில் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் ஒன்று, நல்ல ஸ்குரூடிரைவர், பிளக் ஸ்பேனர், சிகரெட் சுருட்டுகிற மெல்லிய தாள் ஒன்று இருந்தால் போதும். தாள் எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.

உதைத்து உதைத்துக் கால் வலிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். பத்துப் பதினைந்து உதைக்குப் பிறகும் முனை காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாசம் அடித்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு வரவில்லை, அல்லது நீங்களே காற்றை அடைக்கிற சோக்கை விடாமல் மூடி வைத்து உதைத்து மூழ்கடித்துவிட்டீர்கள்.

காய்ந்திருந்தால் கார்பைக் கழற்ற ஓடாதீர்கள். கார்புத் தொட்டியின் அடியில் உள்ள வடிகால் ஸ்குரூவைத் தளர்த்துங்கள். பெட்ரோல் சரசரவென்று வந்தால் தொட்டி வரைக்கும் பாதை சரி. வரவில்லை என்றால், இந்த வண்டியில் பெட்ரோல் குழாய்த் திருகு கார்போடு ஒட்டியே இருக்கும், அதன் கீழே சின்னக் கிண்ணமும் உள்ளே சல்லடையும் இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் கடலோரம் நிறுத்துகிற வண்டியில், பாதி காலியான டாங்கி உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். அந்தக் கிண்ணத்தில் செம்மண் மாதிரி இறங்கியிருப்பது அந்தத் துருதான். இதைத் தடுக்க இடையில் ஒரு ஃபில்டர் மாட்டுகிறேன் என்று பம்ப் வைத்த காருக்கான காகித ஃபில்டரை மாட்டிவிடாதீர்கள். சி-70யில் டாங்கி கார்புக்குக் கொஞ்சம்தான் மேலே இருக்கிறது, பெட்ரோல் தன் எடையில் இறங்கி வர வேண்டும். காகிதத்தைத் தாண்ட அதற்குத் தெம்பு போதாது. வலை வைத்த ஃபில்டர்தான் சரி.

நனைந்திருந்தால் குழாயை மூடி, பிளக் இல்லாமல், ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துப் பத்து உதை. சிலிண்டர் காயும். பிளக்கைத் துடைத்து, கேப்பில் செருகி, அதன் இரும்பு உடம்பு சிலிண்டர் ஹெட்டில் படும்படி வைத்து, பிளக் துளையை விட்டுத் தள்ளி, நிழலில் உதைத்துப் பாருங்கள். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி அடிக்கும், நெருப்புப் பக்கத்தில் வேண்டாம். பிளக்கை எர்த் செய்யாமல் வெறுமனே உதைக்கவும் வேண்டாம், மின்னழுத்தத்தை ஏற்றித் தருகிற காயிலுக்கு ஆகாது. நீலமாகச் 'சட் சட்' என்று அடித்தால் நல்ல நெருப்பு. ஆரஞ்சு நிறத்தில் நூல் மாதிரி வந்தால் நோஞ்சான். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். பிளக் வாங்கும்போது எண்ணைப் பாருங்கள், என்ஜிகே என்றால் சி7ஹெச்எஸ்ஏ. சந்தையில் போலிப் பிளக்கும் கிடக்கிறது, அதனால் புதுப் பிளக் போட்டுவிட்டேன் என்பதால் மட்டும் பிளக் சரி என்று ஆகாது.

நெருப்பே இல்லை, அல்லது நோஞ்சானாக இருக்கிறது

பாட்டரியைப் பழி சொல்லாதீர்கள். இந்த வண்டியில் நெருப்புக்கான மின்சாரம் ஃப்ளைவீலுக்குப் பின்னால் உள்ள சுருளிலிருந்து வருகிறது. பாட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டும் ஓட்டலாம், ஹாரன் மாதிரி பாட்டரியில் ஓடுகிறவைதான் வேலை செய்யாது.

முதல் சோதனை, சாவி. சாவியை அணைக்கும்போது சுவிட்சு செய்கிற வேலை, நெருப்புக் கம்பியை எர்த்தில் தொடவைப்பதுதான். கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட கம்பி அது. சுவிட்சு உள்ளே பாசி பிடித்தாலோ, ஹெட்லைட் கிண்ணத்தில் கம்பி உரசித் தோல் போனாலோ, சாவி போட்டிருந்தாலும் வண்டி அணைந்த நிலையிலேயே இருக்கும். சுவிட்சுக்குப் போகும் அந்தக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு உதையுங்கள். நெருப்பு வந்தால் கோளாறு சுவிட்சுப் பக்கம், எஞ்சினைத் திறக்கவே தேவையில்லை.

வரவில்லையா, சரி, இனிமேல் பாயிண்ட். ஃப்ளைவீலை இடது பக்கத்திலிருந்து பார்த்துக் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் திருப்பிக்கொண்டே வந்து, பாயிண்ட் அதிகமாகத் திறக்கிற இடத்தில் நிறுத்துங்கள். இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். முகம் கறுத்திருந்தால் 600 நம்பர் உப்புத்தாளால் லேசாக உரசி, சுத்தமான தாளை இடையில் செருகி இழுத்துத் துடைக்க வேண்டும், தாளில் கறுப்பு வராத வரைக்கும். புதுப் பாயிண்ட் மாட்டியவுடன் நெருப்பு சுத்தமாகப் போய்விட்டது என்று புலம்புகிறவர்களுக்கு: துருப்பிடிக்காமல் இருக்கப் புதுப் பாயிண்டில் எண்ணெய்ப் படலம் பூசித்தான் விற்கிறார்கள். துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

இப்போது அந்தத் தாள். மூடிய பாயிண்ட் நடுவில் சிகரெட் தாளைச் செருகி, லேசாக இழுத்தபடியே ஃப்ளைவீலைத் திருப்புங்கள். பாயிண்ட் திறக்க ஆரம்பிக்கிற நொடியில் தாள் கழன்று வரும். அந்த நொடியில் ஃப்ளைவீலில் உள்ள எஃப் குறி எஞ்சின் உடம்பில் உள்ள கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். குறி கோட்டுக்கு வருவதற்கு முன்பே தாள் வந்துவிட்டால் நெருப்பு சீக்கிரம் விழுகிறது, கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும், ஏற்றத்தில் 'கிணிங் கிணிங்' என்று தட்டும். குறி தாண்டிய பிறகு வந்தால் தாமதம், எஞ்சின் சோம்பிப்போய்க் கண்டபடி சூடாகும். சுருள் தட்டைத் திருப்பி டைமிங் வைக்கிற வசதி இந்த எஞ்சினில் இல்லை, பாயிண்ட் இடைவெளியை மாற்றித்தான் வைக்க வேண்டும். இடைவெளி கூடினால் சீக்கிரம் திறக்கும், குறைந்தால் தாமதமாகும். எஃப் குறி சரியாக வரும்போது இடைவெளி 0.3க்கும் 0.4க்கும் நடுவில் இல்லையென்றால் பாயிண்டின் குதிகால் தேய்ந்துவிட்டது, புதிது போடுங்கள். புதிது போட்டும் பொருந்தவில்லை என்றால் ஃப்ளைவீலைத் தண்டில் நகராமல் பிடிக்கிற சாவிக்கட்டை வெட்டுப்பட்டு ஃப்ளைவீலே நகர்ந்திருக்கலாம். அதைப் பார்க்க ஃப்ளைவீல் புல்லர் வேண்டும், சுத்தியால் அடித்துக் கழற்றுகிற வீரத்தை மட்டும் காட்டாதீர்கள்.

கடைசியாகப் பிளக் கேப். மறை மாதிரி திருகிக் கழற்றி, கம்பியில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதிய முனையில் திருகினால் பல நேரம் நெருப்புக்கு உயிர் வந்துவிடும். நிறைய கேப்பில் உள்ளே 5 கிலோ ஓம் தடை இருக்கிறது, மீட்டர் அதைவிட ரொம்ப அதிகமாகக் காட்டினால் கேப் போச்சு.

சூடானதும் நிற்கிறது, ஆறியதும் ஓடுகிறது

என்னை ஆறு முறை கார்பு கழற்ற வைத்த வியாதி இது. மூன்று காரணம் உண்டு, மூன்றும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து ஆறிய பிறகு தேடினால் ஒன்றும் அகப்படாது, நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும்.

சீட்டைத் தூக்கி டாங்கி மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியில் உள்ள மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் ஆகி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்ததும் ஓடினால் இதுதான். ஆற வைத்ததால் ஓடியது என்று நாம் நினைத்துக்கொள்வோம், உண்மையில் அந்தக் கால் மணி நேரத்தில் காற்று மெல்ல உள்ளே புகுந்திருக்கும்.

அது இல்லையென்றால் கையால் கிக்கரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். வழக்கமான எதிர்ப்பு இல்லாமல் வழவழவென்று இறங்கினால் வால்வு இறுகிவிட்டது. இந்த எஞ்சினுக்கு வால்வு இடைவெளி இரண்டுக்கும் 0.05 மில்லிமீட்டர்தான், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, ஃப்ளைவீலின் டி குறி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கோட்டுக்கு நேராக இருந்து, வால்வைத் தள்ளுகிற இரண்டு ராக்கரும் ஆடுகிற நிலையில் வைக்க வேண்டும். வால்வு தன் இருக்கையில் தேயத் தேய அந்த இடைவெளி காணாமல் போகும், சூட்டில் வால்வு நீண்டு முழுசாக மூடாமல் அழுத்தம் ஓடிப்போகும். டேப்பெட் 'டிக் டிக்' என்று சத்தம் போடுகிற வண்டியைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை, சத்தமே இல்லாத வண்டிதான் பயம்.

இரண்டும் சரி என்றால், அங்கேயே பிளக்கைக் கழற்றி நெருப்பைப் பாருங்கள். துணி வைத்துப் பிடிக்க வேண்டும், சுடும். நெருப்பு ஆரஞ்சாகிவிட்டது அல்லது வரவே இல்லை என்றால் கண்டென்சர் அல்லது காயில். பாயிண்ட் திறக்கும்போது அதன் இடையில் மின்சாரம் பாயாமல் தாங்கிக்கொள்வது கண்டென்சரின் வேலை. அது பழுதானால் பாயிண்டில் பொறி பறக்கும், முகம் கருகும், ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக ஆகும். பாயிண்டை அடிக்கடி உரச வேண்டியிருக்கிறது என்றால் குற்றவாளி பாயிண்ட் இல்லை. சூட்டில் மட்டும் படுக்கிற கண்டென்சரை மீட்டர் வைத்துப் பிடிப்பது கஷ்டம், வேறொன்றை மாட்டி அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் பழைய பாகங்களைப் பார்த்தால் எனக்குக் கை நிற்காது, ஆனால் கண்டென்சரை மட்டும் பழையது வாங்குவதில்லை. கண்டென்சர் மாற்றியும் அதே கதை என்றால் காயில்.

சோக் போட்டால்தான் ஓடுகிறது, ஐடில் நிற்கவில்லை

இப்போது கார்பு. பாயிண்ட், டைமிங், வால்வு மூன்றையும் முடித்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். டைமிங் தவறான வண்டியில் ஏர் ஸ்குரூ எவ்வளவு திருப்பினாலும் ஐடில் உட்காராது.

சோக் மூடினால் நன்றாக ஓடுகிறது என்றால் காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறதா என்று முதலில் பாருங்கள். ஐடிலில் ஓடவிட்டு, கார்பு எஞ்சினோடு சேருகிற இடத்தைச் சுற்றிக் கொஞ்சமாகக் கார்பு கிளீனர் அடியுங்கள், சூடான எக்சாஸ் பக்கம் படாமல். எஞ்சின் வேகம் மாறினால் அங்கேதான் ஓட்டை. பெரும்பாலும் ஓ-ரிங் காய்ந்திருக்கும். இல்லையென்றால் முன்பு யாரோ இரண்டு போல்ட்டையும் பலம் கொண்ட மட்டும் முறுக்கியதில் கார்பின் முகம் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து எட்டுப் போட்டுத் தேய்த்துச் சமன் செய்யலாம்.

காற்றுக் கசிவு இல்லையென்றால், ஐடிலுக்குப் பெட்ரோல் விடுகிற சின்னத் துளையான பைலட் ஜெட் அடைப்பு. ஆறு மாதம் நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகி, அந்த மயிரிழைத் துளையைத்தான் முதலில் மூடும். இரும்புக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், பித்தளை மெத்தென்றது, துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டில் பொறித்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கிற விஷயமும் இல்லை இது. கிளீனரில் ஊறவைத்து, காற்று அடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும்.

அப்புறம் டியூனிங். பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, ஏர் ஸ்குரூவை மெதுவாக முழுக்க உள்ளே விட்டு, இறுக்காமல், ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கால் கால் சுற்றாக இரண்டு பக்கமும் திருப்பி, எஞ்சின் வேகம் அதிகமாகிற இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டு, ஐடில் ஸ்குரூவால் வேகத்தைக் குறையுங்கள். இது காற்றை அளக்கிற ஸ்குரூ, உள்ளே போனால் பெட்ரோல் கூடும். வேறு கார்பு மாட்டியிருந்து, ஸ்குரூ ஏர் ஃபில்டர் பக்கம் இல்லாமல் எஞ்சின் பக்கம் இருந்தால் கணக்கு தலைகீழ். முழுக்க மூடியும் எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லை என்றால் பைலட் ஜெட் இன்னும் அடைத்திருக்கிறது, அல்லது ஐடில் ஸ்குரூவை அளவுக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறீர்கள்.

பழைய கெய்ஹின் கார்பைத் தூக்கிப்போட்டுவிட்டு மலிவான நகல் வாங்குவது எனக்குப் பிடிக்காது. ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்குகிற ஸ்லைடு தேய்ந்து கடகடவென்று ஆடினால் ஒழிய, பழசுக்கு ஓ-ரிங், ஊசி, கேஸ்கட் மாற்றினாலே போதும்.

பெட்ரோல் சொட்டுகிறது

கார்புத் தொட்டியில் மிதக்கிற ஃப்ளோட்டின் ஊசியில் தூசி, அல்லது ஊசி முனை தேய்ந்து வளையம் விழுந்திருக்கிறது, அல்லது ஃப்ளோட் ஓட்டையாகிப் பெட்ரோல் குடித்திருக்கிறது. காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே சளசளத்தால் மாற்ற வேண்டியதுதான். சரிசெய்கிற வரைக்கும் நிறுத்தும்போதெல்லாம் குழாயை மூடுங்கள். படகில் பட்டர்வொர்த் போகிறவர்களும்தான், மற்ற மோட்டார்களின் நடுவில் பெட்ரோல் சொட்டிக்கொண்டு நிற்பது நல்லதில்லை.

முடுக்கினால் திணறுகிறது

எந்த இடத்தில் திணறுகிறது என்று தெரியாமல் ஜெட் மாற்றாதீர்கள். ஆக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, மூடியது, கால், அரை, முக்கால், முழுசு என்று கோடு போடுங்கள். மூடியதிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டின் ராஜ்யம். கால் வரைக்கும் ஸ்லைடின் வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்குகிற ஊசி, ஃப்ளோட் ஊசி இல்லை. அதற்கு மேல் மெயின் ஜெட். நடுவில் திணறினால் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மாற்றிப் பாருங்கள். கிளிப்பைக் கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை முழுவதையும் வீணடித்திருக்கிறேன்.

முழு வேகத்தில் சந்தேகம் என்றால், ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழுக்கத் திருகி ஓட்டி, பின்னால் வண்டி இல்லாதபோது, கியர் மிதியை அழுத்திப் பிடித்தபடி சாவியை அணைத்து, அப்படியே ஓரம் கட்டிப் பிளக்கைப் பாருங்கள். ஐடிலில் ஓடிவிட்டுப் பார்க்கிற பிளக் ஐடிலைப் பற்றித்தான் சொல்லும். காய்ந்த கரி மாதிரி கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், ஆனால் அதற்கு முன் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஈரக் கறுப்பும் பிசுபிசுப்பும் என்றால் எஞ்சின் ஆயில் ஏறுகிறது, ரிங் அல்லது வால்வு சீல், எந்த ஜெட்டும் உதவாது. வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் குறைவு, அப்படியே நெடுந்தூரம் ஓட்டினால் பிஸ்டனுக்கு ஆபத்து. இளம் பழுப்பு சரி. ஈயம் இல்லாத இப்போதைய பெட்ரோலில் அந்தப் பழுப்பு கொஞ்சம் வெளிறித்தான் தெரியும், அதற்காகப் பயந்து ஜெட்டைப் பெரிதாக்க வேண்டாம்.

கேமரன் மலை மாதிரி உயரத்துக்குப் போனால் காற்று லேசாகும், கலவையில் பெட்ரோல் கூடிக் கொஞ்சம் மந்தமாகும். திரும்பி இறங்கியதும் சரியாகிவிடும், அங்கே போய் ஜெட் மாற்றாதீர்கள்.

மழையில் நின்றுவிடுகிறது

இருட்டில் வண்டியை ஓடவிட்டு, பிளக் கம்பி மேல் ஸ்பிரேயரால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கம்பியிலிருந்து உடம்புக்கு நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கேப்பின் ரப்பர் விறைத்திருந்தால் மாற்றுங்கள்.

சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்கவில்லை

நெருப்பு சோதனைக்காக அந்தக் கறுப்பு வெள்ளைக் கம்பியைக் கழற்றினீர்களே, திரும்ப மாட்டினீர்களா? பிரேக் பிடித்தும் நிறுத்த முடியாது, ஐடிலில் இந்த வண்டியின் கிளட்ச் தானாகவே விட்டுக்கொள்ளும். சோக்கை முழுக்க மூடினால் மூச்சு முட்டி நின்றுவிடும். எனக்கு இது நடந்தது தைப்பூசத்தன்று, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், சாலையெல்லாம் கூட்டம். சோக் ஞாபகமே வரவில்லை, குழாயை மூடிவிட்டு, கார்பில் மிச்சமிருந்த பெட்ரோல் தீருகிற வரைக்கும் அது பாட்டுக்கு 'டுப்பு டுப்பு' என்று ஓடிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் நின்று எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.